பாய் சொன்ன ‘நின்னுட்டான்’

ஜமால் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் திண்டிவனத்துக் கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு போட ஆள் இருக்கிறார். அவர் நிதானமாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் வாளியை நானே வாங்கிக்கொள்வேன். விழுப்புரத்து உடற்கல்வி ஆசிரியர் சேகர் போனில் கூப்பிட்டார். “மேடம், எங்க இருக்கீங்க? நம்ம பாய் மவுத்தாயிட்டாருங்க. காலைல தொழுதுட்டு வந்து சேர்ல உக்காந்தவருதான். மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவாங்களாம். ஜல்தி கெளம்புங்க.” போனை வைத்துவிட்டு, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மறுபடியும் கோடு போட ஆரம்பித்தேன். அது கோணலாகப் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பத்துக்குக் கிளம்பினேன்.

நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் கபடிக்காரர்கள் கேட்டுப் பதினைந்து நாளாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. ‘எளிமையான மனிதர், பழக இனிமையானவர்’ என்று எழுதுவேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்த வரி என்னை முறைக்கும். அதெல்லாம் உண்மைதான், ஆனால் அதைச் சொல்லவா நான் உட்கார்ந்தேன்? போன ஒரு வருடமாக நம் மைதானங்களில் ஒரு பேச்சு இருந்தது. ‘பாய்க்குக் கண்ணு போயிடுச்சு. முன்ன மாதிரி ஆளைக் கண்டுபுடிக்க மாட்டேங்கறாரு.’ அப்படிச் சொன்னவர்களும் இந்த மலரைப் படிப்பீர்கள். உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜமால் பாய் இளம் வயதில் கோட்டக்குப்பம் கபடி அணிக்கு ரைட் கவராக, வலப்பக்கத் தடுப்பாட்டம் ஆடியவர். பிறகு சவுதிக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அங்கேயும் வெள்ளிக்கிழமைதோறும் மணலில் கோடு கிழித்து ஆடியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு, தொழில்முறை லீக்கில் ஆடும் ஓர் அணி, எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் நல்ல தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துச் சொல்லுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டது. அவர் பெயர் சொல்லும் பையன்கள் தேர்வு முகாமுக்குப் போவார்கள். அதில் தேறியவர்கள், அணிகள் ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏலத்துக்குப் போவார்கள். அவ்வளவுதான் அவருடைய வேலை. பெயர் சொல்வது.

எங்கள் அறிமுகமே சண்டையில்தான் நடந்தது. விழுப்புரத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, நான் நடுவர். கைலியும் முழுக்கைச் சட்டையும் போட்ட ஒருவர் ஆட்டம் நடக்கும் மேட் விரிப்பைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். ஒரு மூலையில் குனிந்து பார்ப்பார், அடுத்த மூலைக்குப் போவார். அவர் மூன்றாவது முறை சுற்றியபோது நான் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டேன்.

“ஏங்க, ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா?”

“உக்காந்தா காலு தெரியாதுங்க மேடம்.”

“யாரு காலு?”

“கவர் பையன் காலு. ரெய்டர் அந்தப் பக்கம் போயிட்டாரு பாருங்க, இப்ப இவன் காலு இன்னா பண்ணுதுன்னு பாக்கணும். நீங்க ஊதிட்டீங்க.”

கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று சாயங்காலமே அவரிடம் போய், கால் என்ன செய்தது என்று கேட்டேன். இப்படித்தான் நான் அவரோடு சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஐந்து சீசன்.

பாடி வரும் ரெய்டர் பிடியில் சிக்கும்போது யாரும் பார்ப்பார்கள். எத்தனை பிடி பிடித்தான், எத்தனை புள்ளி என்று எண்ணுவார்கள். பாய் எண்ணுவதில்லை. “புடிக்கறது எல்லாரும் புடிப்பாங்க மேடம். புடிக்காம இருக்கத் தெரிஞ்சவன் எவன்னு பாருங்க” என்பார். கார்னரில் நிற்பவன் பாய்ந்து காலைப் பிடிக்கலாம். கவரில் நிற்பவன் அவசரப்பட்டால் ஓட்டை விழுந்துவிடும், பின்னால் உள்ள நாலு பேருக்கும் ஆபத்து. ரெய்டர் கையை நீட்டுவான், காலை ஆட்டுவான், ‘வா, வா’ என்று கூப்பிடாத குறையாக ஆசை காட்டுவான். அப்போது பாயாமலும் பின்வாங்காமலும் இருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை என்பது பாய்க்குத் தெரியும். “பதறாத காரியம் சிதறாதுன்னு பெரியவங்க சொல்லி வெச்சாங்க. நீங்க அவங்க கட்சி இல்ல போல” என்று கிண்டல் செய்வார்.

விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு நட்சத்திரம் இருந்தான். ஆட்டத்துக்கு ஐந்து ஆறு பிடி. அவன் பெயரை எழுதியே ஆகவேண்டும் என்று நான் நின்றேன். பாய் வேண்டாம் என்றார். திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் வண்டியை நிறுத்திச் சண்டை போட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “ரெண்டாவது பாதில ஒரு புடிய உட்டான், பாத்தீங்களா? உட்டதும் பக்கத்துல நிக்கிற கார்னர் பையனப் பாத்து மொறைக்கிறான். தப்பு பண்ணிட்டு தன் கையப் பாக்கறவன் தேறிடுவான் மேடம். பக்கத்துல பாக்கறவன் தேற மாட்டான்.” அந்தப் பையனை வேறொரு அணி கூட்டிக்கொண்டு போனது. ஒரே சீசன், திரும்பி வந்துவிட்டான். பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. நானாக இருந்தால் வருடம் முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

எங்கள் வேலைப் பங்கீடு இப்படி. அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எனக்கு வாட்ஸாப்பில் பேசி அனுப்புவார். நான் அதைக் கேட்டு, அணியின் படிவத்தில் ஆங்கிலத்தில் ஏற்றி அனுப்புவேன். ஒரு பையனைப் பற்றி அவர் சொல்வது அதிகம் போனால் நாலு வார்த்தை. சுமார் என்றால் ‘நின்னுக்கினு இருக்கான்’ என்பார். பஸ்ஸுக்கு நிற்பவனும் நின்றுகொண்டுதான் இருக்கிறான் என்று அர்த்தம். நன்றாக ஆடினால் ‘நிக்கிறான்.’ இதுதான் அவரிடமிருந்து வரும் பாராட்டு. ‘நிக்கிறான்’ என்று அவர் சொன்ன எவனும் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. இதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

போன வருடப் போட்டியில் திண்டிவனத்தில் உள்ள இன்னொரு கல்லூரிக்கு ஆடிய வேலுவைப் பாய் பார்த்தார். வேலு பெருமுக்கல் பையன், அப்பா அம்மா சொந்த நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிறவர்கள். படிப்பில் அது அவனுக்குக் கடைசி வருடம். நான் அன்று போகவில்லை. நடந்ததைப் பிறகு ஒருவர் போனில் எடுத்த வீடியோவில் பார்த்தேன். கடைசி நிமிடம். ஆட்டம் சமம். எதிர் அணி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. மூன்றாவது முறை போகிறவன் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், எடுக்காவிட்டால் அவனே அவுட். வருகிறவன் மாநில அளவில் ஆடும் ரெய்டர். இந்தப் பக்கம் வேலுவும் ஒரு கார்னர் பையனும்தான் மிச்சம். ரெய்டர் வேலுவின் மார்புக்கு ஒரு சாண் தூரம்வரை கையைக் கொண்டுவருகிறான், இழுக்கிறான், மறுபடி கொண்டுவருகிறான். கூட்டம் முழுக்க ‘புடிடா, புடிடா’ என்று கத்துகிறது. வேலு பிடிக்கவில்லை. முழுசாக முப்பது வினாடி. நேரம் முடிந்து விசில் ஊதியதும் ரெய்டர் இடுப்பில் கை வைத்துத் தலையைத் தொங்கப்போட்டான். வேலுவின் கணக்கில் பிடி ஒன்றும் ஏறவில்லை. ரெய்டர் அவுட்டான அந்த ஒரு புள்ளியில் அணி ஜெயித்துவிட்டது.

அந்த வாரம் நான் வருகைப் பதிவேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முன் யார் யாருக்கு வருகை குறைவு, யார் கல்லூரிக்கே வருவதில்லை என்று பட்டியல் எடுக்கும் வாரம். காலையிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வந்து சொல்கிறார்கள். ‘மேடம், ராஜேஷ் நின்னுட்டான்.’ ‘மேடம், தினேஷ் நின்னுட்டான், வேலைக்குப் போறான்.’ ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே இருக்கிறேன். அப்போது பாயிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரு கையில் பேனா, காதில் போன்.

“மேடம், எழுதிக்கோங்க. மயிலம் பையன் லெஃப்ட் கார்னர், வேகம் இருக்கு, அவசரக்காரன். விழுப்புரத்துப் பசங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. அப்புறம் பெருமுக்கல் வேலு…” அங்கே கொஞ்சம் இடைவெளி. ஒரு பஸ் ஹாரன் கேட்கிறது. பிறகு, குரலை இறக்கி, “வேலு நின்னுட்டான் மேடம்.”

அடப்பாவமே, நல்ல பையனாயிற்றே, கடைசி வருடத்தில் படிப்பை விட்டுவிட்டானே என்று நினைத்தேன். பாய் அதற்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களை மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்பது அணியின் விதி. வேலுவின் பெயரை அடித்தேன். ராஜேஷுக்கும் தினேஷுக்கும் அடித்த அதே பேனாவால்.

ஒரு போன் போட்டு, ‘எங்க பாய் நின்னுட்டான்?’ என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேட்கவில்லை.

முகாமுக்குப் பட்டியல் வந்த அன்று பாய் கூப்பிட்டார். “மேடம், வேலு பேரு காணமே?” அவன் படிப்பை நிறுத்திவிட்டானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். “அவன் நின்ன மாதிரி எந்தக் கவரும் நின்னு நான் பாத்ததில்ல மேடம். நானே அப்டி நின்னதில்ல.” ‘நின்னுட்டான்’ என்பது ‘நிக்கிறான்’ என்பதற்கும் மேலே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு அணியின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பட்டியல் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அரைமணி நேரம் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். பிறகு பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அவங்க எடுக்கல பாய்.”

பொய். நான் பெயரை அனுப்பவேயில்லை. அவர் திட்டுவார் என்று பயந்து சொன்ன பொய் இல்லை இது. அவர் திட்டமாட்டார், ‘பரவால்ல மேடம்’ என்பார், அதை என்னால் தாங்க முடியாது என்று சொன்ன பொய். தப்பு பண்ணிவிட்டு நான் பக்கத்தில் பார்த்தேன்.

“சரிங்க மேடம். அப்ப எனக்குத்தான் சரியாத் தெரியல போல” என்றார்.

அதற்குப் பிறகு வந்த பாயைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மேட் விரிப்பைச் சுற்றி நடப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பாய். ‘இவன் எத்தன புடி?’ என்று ஸ்கோர் எழுதுபவரிடம் கேட்ட பாய். ‘நிக்கிறான்’ என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. ‘நீங்க இன்னா நெனைக்கிறீங்க மேடம்?’ என்று என்னைக் கேட்பார். ஒருநாள் புதுச்சேரிக்குப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “கண்ணு நல்லாத்தான் இருக்காம் மேடம். அதான் பேஜாரா இருக்கு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ பஸ் பயணம், எத்தனையோ டீ. ஒவ்வொரு முறையும் வாய்வரை வரும், நான் வேறு எதையாவது பேசிவிடுவேன்.

கோட்டக்குப்பத்தில் அன்று உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதே பொய், மூன்று முறை எழுந்து வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். பாயின் மனைவி மைமூன் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “நீங்க வேற ஏம்மா அலையறீங்க? அவருதான் இந்த ஒரு வருஷமா இப்டி அலைஞ்சாரு. வேலுவாம், யாரோ ஒரு புள்ள. சோறு துன்னும்போதுகூட, ‘நான் தப்பாப் பாத்துட்டனா மைமூனு’ன்னு கேட்டுக்கினே இருப்பாரு. எனக்கு இன்னா தெரியும் கபடியப் பத்தி?”

அங்கேயே சொல்லிவிட்டேன். அடித்த பெயர், சொன்ன பொய், எல்லாம். குரான் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மைமூன் அக்கா என் கையை விட்டுவிட்டார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “என்னாண்ட ஏன் சொல்றீங்க?” என்றார். “போங்க. அவராண்ட போயி சொல்லுங்க. ஜல்தி. எடுக்கப்போறாங்க.”

எழுந்து ஓடினேன். நடையில் செருப்பும் ஆட்களுமாக வழியில்லை. நான் வாசலுக்கு வந்தபோது பாயைத் தூக்கிவிட்டார்கள். சந்து நிறைய ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். பெண்கள் நின்ற இடத்திலேயே நானும் நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் பதறி ஓடியது எதற்கும் உதவாமல் போயிற்று என்று எழுதலாம். அதுவும் முதல் முறை இல்லை.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். பாயின் கண் தப்பவில்லை. என் காதுதான் தப்பியது. அதற்குப் பிறகு என் வாய்.

ஏழாம் நாள் பெருமுக்கலுக்குப் போனேன். நிலத்தில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். அவன் அம்மாதான் முதலில் பேசினார். “ஒரு போனு போட்டுக் கேக்கக் கூடாதாம்மா? ஒரு போனு?” வேலு கையிலிருந்த செடியைப் போடவுமில்லை, உதறவுமில்லை. பிறகு கேட்டான்.

“பாய் இன்னான்னு சொன்னாருங்க மேடம்?”

போனை எடுத்துப் போட்டுக்காட்டினேன். மயிலம் பையன், விழுப்புரத்துப் பசங்க, பஸ் ஹாரன். ‘வேலு நின்னுட்டான் மேடம்.’ மறுபடி போடச் சொன்னான். மறுபடி போட்டேன். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, “அத எனக்கு அனுப்பி உடுங்க” என்றான். என்னைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

அணிக்கு நடந்ததை அப்படியே எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கல்லூரி முடித்தவர்களுக்கும் பொதுவான தேர்வு முகாம் ஒன்று உண்டு, வந்தால் பார்ப்போம் என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்கான படிவத்திலும் குறிப்பு எழுதும் இடம் ஒன்று இருந்தது. அதில் ஆங்கிலத்தில் எதுவும் எழுதவில்லை. ‘நின்னுட்டான் – ஜமால்’ என்று தமிழிலேயே எழுதினேன். புரியாவிட்டால் கேட்கட்டும். கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். மறுபடியும் வருகைப் பட்டியல் எடுக்கும் வாரம் வந்துவிட்டது. நேற்றுக்கூட வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து, “மேடம், கார்த்தி நின்னுட்டான்” என்றாள். பேனாவைத் திறந்த கை அப்படியே நின்றது. பேனாவை மூடிவிட்டு அவளைக் கேட்டேன்.

“எங்க நின்னுட்டான்?”

அவள் விழித்தாள். நான் கார்த்தியையே கேட்டுவிட வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.